தூக்கிப் பிடித்த கை

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து, இரண்டு பஸ் மாறி, நான்கு மாடி ஏறி, வாசலில் அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்துவிடும்.

"வந்துட்டியா?"

"இல்ல, இன்னும் பஸ்லதான் இருக்கேன்."

"சரி சரி. டீ குடிச்சிட்டு மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொல்கிற மனிதர் அதற்குள் டிவியைப் போட்டிருப்பார். நாற்காலியை டிவிக்கு மூன்றடி தூரத்தில் இழுத்துப் போட்டு, அன்றைய நாளிதழைச் சாப்பாட்டு மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளரைப் பாரமாக வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரி தெரியும். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நிற்கிற ஆளை நேராகப் பார்த்தால் முகம் இருக்காது, காது மட்டும் இருக்கும். மிச்சமிருப்பது ஓரப் பார்வைதான். அந்த ஓரத்தை டிவிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் முகத்தைச் சுவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அவள் டீயை நின்றுகொண்டே குடிப்பாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரியும். பிறகு போனை எடுத்து, திரையை டிவிக்கு அனுப்புகிற இடத்துக்குப் போனால், அக்கம்பக்கத்து வீட்டு டிவிகளெல்லாம் ரேஷன் வரிசை மாதிரி வந்து நிற்கும். தன் வீட்டு டிவியைப் பார்த்துத் தொட வேண்டும். ஒரு தடவை மாற்றித் தொட்டுவிட்டாள். கீழ்வீட்டு அம்மா, தன் டிவி என்னவோ அனுமதி கேட்கிறதே என்று சரி கொடுத்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மேலே வந்து, "உங்க வீட்டுப் பேப்பர் எங்க வீட்டு டிவில ஓடுதுங்க. அதுவும் நான் படிக்கிறதுக்குள்ள நகர்த்திடுறீங்களே!" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

டிவி 'அனுமதிக்கலாமா?' என்று கேட்கும். ரிமோட்டில் சரி என்று அமுக்கினால் போனில் இருப்பது அப்படியே டிவிக்கு வந்துவிடும். பிறகு போனின் காமிராவைத் திறந்து, நாளிதழுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு டிவியில் வந்து நிற்கும். அவள் கையை இடமிருந்து வலமாக நகர்த்த, அவர் படிப்பார். வரி முடிந்ததும் கையை அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி ஒன்றரை மணி நேரம்.

"மெதுவா. ரயில் போற மாதிரி போற."

"போறேன்."

"ஏய், ஒரு வரி தாவிட்ட."

"தாவலையே."

"தாவிட்ட. 'அமைச்சர் தெரிவித்தார்'னு முடிஞ்சுது. அடுத்தது 'தண்ணீர் இல்லாமல்'னு ஆரம்பிக்குது. அமைச்சர் தண்ணியில்லாமலா தெரிவிச்சாரு? பின்னால போ."

முப்பத்தாறு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்த மனிதர். பாடப் புத்தகம், ரயில் அட்டவணை, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துக் காகிதம் என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பித்து வெளியே போனதில்லை. அச்சகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். அந்தப் பெயர் இப்போது கொஞ்சம் கொடுமையாக இருந்தாலும், அச்சக முதலாளி போனில் இன்னும் "என்ன கழுகு, எப்படி இருக்க?" என்றுதான் கேட்கிறார். அவரும் "பறக்கத் தயாரா இருக்கேன் சார்" என்றுதான் பதில் சொல்கிறார்.

அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்துபோய் மிக்சியைப் போட்டுவிடுவாள். ஏனென்றால் அவர் பறக்கப்போவதில்லை. அது இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. கண் ஆஸ்பத்திரியில் காலை ஆறரைக்கு டோக்கன் வாங்கி, மாடிக்கும் கீழுக்குமாக ஏழு இடத்தில் காத்து நின்று, மதியம் சாப்பிடாமல், சாயங்காலம் நாலரைக்கு டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கணவர் வெளியே இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரும் களைத்துப் போயிருந்தார். நடுப்பார்வை இனித் திரும்பாது, ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை, ஓரப் பார்வையை வைத்துக்கொண்டு வாழப் பழக வேண்டியதுதான் என்றார். "நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்கம்மா" என்று ஒரு காகிதத்தையும் கையில் கொடுத்தார்.

பக்குவமாகச் சொல்வதற்குத் தெம்பு வேண்டும். அவள் வெளியே வந்தபோது அவர் இருட்டில் அவள் காலடியைக் கண்டுபிடித்து, "என்ன சொன்னாரு?" என்றார். உண்மையைச் சொன்னால் அவர் கேட்பார். ஏன், எதனால், வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர் என்று பஸ்ஸிலும் கேட்பார், மாடிப்படியிலும் கேட்பார், விடிய விடியக் கேட்பார். மறுநாள் ஐந்து மணிக்கு அவள் எழுந்திருக்க வேண்டும். அவளுக்கு அந்த நிமிஷத்தில் வேண்டியிருந்ததெல்லாம் ஒரு பஸ்ஸும் அதில் உட்கார ஓர் இடமும்தான்.

"ஆறு மாசம் போகட்டும், ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொன்னாரு" என்றாள்.

அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அன்பினால் சொன்னது என்று பின்னால் பலமுறை தன்னைத்தானே சமாதானம் செய்து பார்த்தாள். ஒட்டவில்லை. களைப்பினால் சொன்னது. இரண்டு நாள் தூங்கி எழுந்தால் சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அதற்குள் அவர் ஆறு மாசத்தை நாள்காட்டியில் எண்ண ஆரம்பித்துவிட்டார். அச்சகத்துக்குப் போன் போட்டு, என் நாற்காலியை யாருக்கும் கொடுத்துடாதீங்க என்று சொல்லிவிட்டார். சலூனுக்குப் போய்ப் புதுசாக முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது?

காகிதத்தை அவள் ஒளித்து வைக்கக்கூட இல்லை. எதற்கு ஒளிக்க வேண்டும்? டிவி மேலே ஃபைலிலேயே கிடந்தது. அவரால்தான் படிக்க முடியாதே.

பிறகுதான் இந்தக் காமிரா விஷயம் நடந்தது. வேறு நாட்டில் இருக்கும் மகள், குழந்தையின் படங்களை அப்பாவுக்குப் பெரிதாகக் காட்டு என்று போனை டிவியோடு இணைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒருநாள் படங்களைத் திறக்கப் போன விரல், காமிராவைத் திறந்துவிட்டது. மேசை மேல் கிடந்த நாளிதழின் ஒரு மூலை டிவி முழுக்க விரிந்தது. தற்செயலாகச் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அவர், "ஏய், அசையாதே!" என்று கத்தினார். பயந்தே போய்விட்டாள். "நாளை... மழைக்கு... வாய்ப்பு" என்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். இரண்டு பேரும் அழுதது ஒரே காரணத்துக்காக இல்லை. அன்றைக்கு அவர் குளிக்கப் போன சமயத்தில் அவள் ஃபைலிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, அலமாரியில் தன் வேலைச் சீருடைகளுக்கு அடியில் வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம் கையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். போனுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிப் பார்த்தார்கள். அதன் காலே நாளிதழின் மேல் ஏறி நின்றது. தாளை இழுத்தால் சுருண்டது. ஸ்டூலைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள். "கைதான் சரி" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கை அவருடையது இல்லையே, தாராளமாகச் சொல்வார்.

அவள் வேலையோ ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில். நீராவிப் பெட்டியிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை, எதிரே ஓர் ஆள் பிடிக்க, தலைக்கு மேல் தூக்கி உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு விரிப்பு. வலது தோள் மூன்றாவது மாதத்தில் முனக ஆரம்பித்தது. நான்காவது மாதத்தில் தலை சீவும்போது கை காதைத் தாண்டி ஏறவில்லை. லாண்டரி மேற்பார்வைக்கார அம்மா, குரலின் தயவால் மைக் என்று பெயர் எடுத்தவள், ஒருநாள் இயந்திரச் சத்தத்தையும் மீறி, "என்னம்மா இது, கொடியேத்துற மாதிரி பாதியில நிக்குது கை?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பதற்குத் தோள் தேவையில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அதே மைக்தான், யார் யாருக்கு எந்த ஷிப்ட் என்கிற பட்டியலை ஒட்டும் பலகை உடைந்துவிட்டது என்று, தன் போனை மடிப்பறை டிவியோடு சேர்த்துக் காட்டினாள். பட்டியலை ஏற்கெனவே ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதைத் திறந்தாள். இரண்டு விரலை வைத்து விரித்தாள், எழுத்து பெரிதானது. ஒரு விரலால் தள்ளினாள், பட்டியல் நகர்ந்தது. போன் மேசையில் மல்லாந்து கிடந்தது. மைக் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு கையால் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள், தான் பிடித்திருந்த விரிப்பைக் கீழே விட்டுவிட்டாள்.

"என்னக்கா ஆச்சு?" என்று எதிரே பிடித்திருந்தவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லையா? ஒரு போட்டோ! பக்கத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும். போனை அவர் மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி, தானே படித்துக்கொள்வார். மகள் விட்டுப்போன பழைய போன் ஒன்று இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் அவள் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். இத்தனை மாதம் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்ளக் கை தூக்கினாள், தோள் விடவில்லை.

அன்று பஸ்ஸில் கிட்டத்தட்ட சந்தோஷமாகத்தான் வந்தாள். இரண்டாவது பஸ் ஏறும்போதுதான் மற்றொன்று உறைத்தது. தானே படித்துக்கொள்வார் என்றால் நாளிதழை மட்டுமா படிப்பார்? பகல் பூராவும் தனியாக இருக்கிற மனிதர். எழுத்தென்றால் உயிர். இழுப்பறையைக் குடைவார், ஃபைலைப் பிரிப்பார், அலமாரியைத் துழாவுவார், தட்டுப்படுகிற ஒவ்வொரு காகிதத்தையும் போட்டோ எடுத்து டிவியில் போட்டுப் பார்ப்பார். கிழித்துப் போட்டுவிடலாம்தான். ஆனால் அவர் பெயர் எழுதிய ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

இப்போது என்ன படிக்கலாம், எதைப் படிக்க வேண்டாம் என்பது அவள் கையில் இருக்கிறது. கை வலிக்கிறது, ஆனால் அவள் கையில் இருக்கிறது.

அவள் மாடியேறி வந்தாள். "வந்துட்டியா?" என்றார். டீயைக் குடித்தாள். போட்டோவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

இப்படியே இருபது நாள் போனது. தோளில் தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே ஆஸ்பத்திரி வாடை அடித்தது. ஒருநாள் போன் நழுவி நாளிதழின் மேல் விழுந்து டிவி இருண்டுபோனது. "கை வலிக்குதா?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

"இல்ல, வழுக்கிடுச்சு."

"இன்னும் ஒரே மாசம். ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் உன் கைக்கு விடுதலை. நான் சம்பாதிச்சுப் போடுறேன், நீ அந்த விரிப்பு மடிக்கிற வேலையை விட்டுடு. கால் மேல கால் போட்டு உக்காரு. நான் உனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறேன்."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவினாள்.

மறுநாள் அவள் வந்தபோது மேசை மேல் நாளிதழ் இல்லை. டம்ளர்கள் மட்டும் நான்கு மூலையிலும் காத்திருந்தன. அவர் சவரம் செய்திருந்தார். தாடையில் ஓர் இடத்தில் வெட்டு.

"முதலாளி போன் பண்ணாரு" என்றார். "வேற ஒருத்தன் வேலை கேட்டு வந்திருக்கானாம். கழுகுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன், ஆபரேஷன் தேதி என்னன்னு கேக்குறாரு. எனக்கு எங்க தெரியும்? அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்துல போட்டிருப்பான்ல. டிவி மேல ஃபைல்ல பாத்தேன், மருந்துச் சீட்டு அளவுதான் கைக்குத் தட்டுப்படுது, பெரிய காகிதம் இல்ல. நீதான் எங்கயோ பத்திரமா வெச்சிருக்க. எடுத்துட்டு வா. இன்னிக்குப் பேப்பர் வேண்டாம், அதைப் படிக்கலாம்."

"நாளைக்குப் பாக்கலாங்க."

"நாளைக்குக் காலையில அவருக்குச் சொல்லணும்மா."

அவள் அலமாரியைத் திறந்தாள். சீருடைகளுக்கு அடியில் கை விட்டாள். இத்தனை மாதமாக மடித்து வைத்த துணிகளின் பாரத்தில் காகிதம் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாகக் கிடந்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். நாளைக்குக் காலைவரை பிழைக்கலாம். அப்புறம் அவர் நேரே ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்பார்.

காகிதத்தை மேசையில் விரித்தாள். போனை டிவியோடு சேர்த்தாள். 'அனுமதிக்கலாமா?' என்று டிவி கேட்டது. ரிமோட்டை அவர்தான் வைத்திருந்தார். விரலால் தடவிப் பார்த்து, சரி என்று அமுக்கினார்.

இன்னும் வழி இருக்கிறது என்று நினைத்தாள். மேலே பெயரும் எண்ணும் காட்டலாம். பிறகு நான்காவது வரியைத் தாண்டிக் கீழே கையெழுத்துக்குப் போய்விடலாம். தாவினால் அவர் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தால் என்ன, எழுந்து வந்து பார்க்கவா முடியும்? தேதி போடவில்லை, டாக்டர் மறந்துவிட்டார் என்றால் முடிந்தது.

கையைத் தூக்கினாள். அவர் அச்சகத்தில் படிக்கிற மாதிரியே, கமா புள்ளியோடு, உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பெயர் படித்தார். பதிவு எண் படித்தார். அடுத்த வரி.

"வயது, அறுபத்தொண்ணு." நின்றார். "அறுபத்தொண்ணா? எனக்கு அறுபத்து மூணு. பாரு, ஆஸ்பத்திரியிலயும் புரூஃப் பாக்க ஆளில்ல. ம், போ."

இங்கேதான் தாவ வேண்டும். போனைக் கொஞ்சம் உயர்த்தி, நாலு விரல் கீழே கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான், ஒரு சின்ன அசைவு. அவள் கையை உயர்த்தப் பார்த்தாள். தோள் மாட்டேன் என்றது. தோள் மட்டும் இல்லை. உயர்த்தினால் இன்றைக்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். அதைக் காப்பாற்ற நாளைக்கு ஒன்று, அடுத்த மாசத்துக்கு ஒன்று. அன்றைக்கு உண்மையைச் சொல்லத் தெம்பில்லாமல் பொய் சொன்னவளுக்கு, இன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. கை தன்பாட்டுக்கு நான்காவது வரிக்கு இறங்கி, இடமிருந்து வலமாக நகர்ந்தது. டிவி எப்போதும் போல அரை நொடி தாமதித்துப் பின்னாலேயே நகர்ந்தது.

"இரு கண்களிலும், கமா, விழித்திரையின் நடுப்பகுதி நிரந்தரமாகச் சேதமடைந்துள்ளது, புள்ளி."

அவள் நகர்த்தினாள்.

"அறுவைச் சிகிச்சையால்..." குரல் கொஞ்சம் இறங்கியது. "பயன் இல்லை. புள்ளி."

அவர் தலையைத் திருப்பவில்லை. பிறகு வேகமாகப் பேசினார்.

"இது என் காகிதமே இல்ல."

"என்னங்க..."

"வயசு தப்பா இருக்குல்ல? எனக்கு அப்பவே தோணுச்சு. வேற யாரோடதையோ மாத்திக் கொடுத்துட்டான். நூறு பேர் உக்காந்திருந்தோம் அன்னிக்கு. எத்தனை தடவை பாத்திருக்கேன், ஒரு பக்கத்துல ஒரு எண்ணு தப்பா இருந்தா அந்தப் பக்கமே வேற புஸ்தகத்தோடதா இருக்கும். மேல போ. எண்ணைக் காட்டு."

அவள் கையை மேலே கொண்டுபோனாள். தோளிலிருந்து விரல் நுனிவரை நெருப்பாக எரிந்தது. ஆஸ்பத்திரி அட்டையின் எண் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக, டிவியில் இருப்பதை ஒரு தடவையும் மனசில் இருப்பதை ஒரு தடவையும் சொல்லிச் சரிபார்த்தார்.

"நாலு... நாலு. பூஜ்யம்... பூஜ்யம். ஏழு... ஏழு. ஏழு... ஏழு. ரெண்டு..." கடைசி எண்ணை இரண்டாம் தடவை சொல்லாமல் உதட்டை மடித்துக்கொண்டார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. "பேரைக் காட்டு" என்றார். பேரும் சரி. அப்பா பேரும் சரி. "வயசு மட்டும்தான் தப்பு" என்றார், தனக்கே சொல்கிற மாதிரி.

"கீழ இன்னும் ஒரு வரி இருந்துதே. அதுக்குப் போ."

அந்த ஒரு வரியையாவது விட்டுவிடக் கூடாதா என்று அவள் மனசு கெஞ்சியது. கை போனது.

"மேற்கண்ட விவரம் குடும்பத்தாருக்கு விளக்கப்பட்டது, புள்ளி." அவர் மூச்சு விட்டார். "குடும்பத்தாருன்னா யாரு?"

"நான்தான்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாகக்கூட இருக்கும். டிவியில் 'குடும்பத்தாருக்கு' என்கிற சொல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் கையின் நடுக்கம் அங்கே பத்து மடங்காகத் தெரிந்தது. எழுத்தெல்லாம் தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஆடியது.

"எழுத்து ஆடுது" என்றார் அவர். "கையை இறக்கு."

இறக்கினாள். காமிரா அவள் கையோடு கீழே தொங்கி, டிவி முழுக்கத் தரையும் அவளுடைய வீங்கிய பாதமும் தெரிந்தன. அதை அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தெரிந்ததோ, யார் கண்டது.

"ஏன் சொல்லல?"

"ரொம்ப அலுப்பா இருந்துதுங்க. மறுநாள் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் முடியல." நல்ல காரணம் ஏதாவது தேடினாள். கிடைக்கவில்லை. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றானதும் மிச்சமும் தானாக வந்தது. "இன்னொண்ணும் இருக்கு. நான் இப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டியதே இல்ல. பக்கத்தைப் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா நீங்களே விரலால தள்ளித் தள்ளிப் படிச்சுக்கலாம். வேலை செய்யுற இடத்துல பாத்தேன்."

"எப்போ?"

"இருபது நாள் ஆச்சு."

அவர் முதல் தடவையாக முகத்தைச் சுவரிலிருந்து திருப்பி அவளை நேராகப் பார்த்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு அவள் தெரியமாட்டாள்.

"இருபது நாளா தெரிஞ்சும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னியா? இந்த ஒரு காகிதத்துக்காகவா?"

அவர் கையை நீட்டினார். காற்றில் இரண்டு தடவை துழாவி, அவள் முழங்கையைப் பிடித்து, மேலே ஏறித் தோளைத் தொட்டார். தொட்டதும் அவள் வலியில் சுருங்கியதை அவர் விரல் படித்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

"உக்காரு" என்றார். "முதல்ல உக்காரு."

தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவளை அதில் உட்கார வைத்தார். போனை அவள் கையிலிருந்து வாங்கி, "முதலாளியைக் கூப்பிட்டுக் கொடு" என்றார். அவள் கூப்பிட்டுக் கொடுத்தாள். டிவியில் முதலாளியின் பெயர் பெரிதாக வந்து நின்றது. அவர் அதன் எதிரில் நின்றுகொண்டு பேசினார்.

"சார், கழுகு பேசுறேன். இல்ல சார், தேதி இல்ல. ஆபரேஷனே இல்லையாம். இப்பத்தான் படிச்சேன். ஆமா, நானேதான் படிச்சேன். அந்தப் பையனைச் சேத்துக்குங்க. என் இழுப்பறையில ரெண்டு சிவப்புப் பேனா இருக்கும், அதையும் அவனுக்கே கொடுத்துடுங்க. இல்ல சார். வீட்டுல சொன்னாங்க. வீட்டுல அன்னிக்கே சொல்லிட்டாங்க, எனக்குத்தான் காதுல ஏறல."

அவள் தலை நிமிர்ந்தாள். அவர் போனை அவளிடம் நீட்டிவிட்டு மேசையருகே போய், காகிதத்தைத் தடவி எடுத்து, அதன் மடிப்பை நகத்தால் நீவினார்.

"போட்டோ எடுத்து எப்படித் தள்றதுன்னு காட்டு" என்றார். "அந்த வயசை இன்னொரு தடவை பாக்கணும்."

அவள் காட்டுவதற்கு எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு எழவில்லை. பரவாயில்லை, அப்புறம் காட்டு என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. இத்தனை மாதத்தில் பேப்பர் படிக்கிற அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மடியில் வலது கை, வேறு யாருடையதோ போலக் கிடந்தது.